நான்கு தேர்தல், மூன்று கட்சி... கொல்லிமலை என்னதான் கேட்கிறது?

காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கி கொல்லிமலை மேலே போய்ச் சேர 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆகாய கங்கை அருவிக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் போகிறவர்கள் அந்த வளைவுகளை எண்ணிக்கொண்டே போவார்கள். அதே சாலையில் வேறு இரண்டு சரக்குகளும் மேலே ஏறுகின்றன. ஒன்று, மாதாமாதம் வரும் ரேஷன் அரிசி. இன்னொன்று, தேர்தலுக்குத் தேர்தல் வரும் வாக்குப்பதிவு இயந்திரம்.

இந்த இரண்டுக்கும் என்ன உறவு? 'அரிசியை வாங்கிக்கொண்டு ஓட்டைப் போட்டுவிடுவார்கள்' என்று சமவெளியில் உட்கார்ந்து சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால், தேர்தல் முடிவுகள் அப்படிச் சொல்லவில்லை.

கொல்லிமலை, நாமக்கல் மாவட்டத்தின் சேந்தமங்கலம் சட்டமன்றத் தொகுதியில் வருகிறது. பழங்குடியினருக்காக ஒதுக்கப்பட்ட தொகுதி இது. 2006-ல் இங்கே தி.மு.க ஜெயித்தது. 2011-ல் அ.தி.மு.க கூட்டணியில் நின்ற தே.மு.தி.க. 2016-ல் அ.தி.மு.க. 2021-ல் மறுபடியும் தி.மு.க. நான்கு தேர்தல்களில் எந்தக் கட்சியும் அடுத்தடுத்து இரண்டு முறை ஜெயிக்கவில்லை. தொகுதியில் அடிவாரத்து ஊர்களும் இருப்பதால், இதை மலையின் தீர்ப்பு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஆனாலும், அரிசிக்காக ஓட்டு என்ற கணக்கு இங்கே பலிக்கவில்லை என்பது தெளிவு.

அப்படியென்றால், அரசு கொடுக்கும் உதவி மக்களின் மனதில் என்னதான் செய்கிறது? ஜனநாயகத்தின் மேல் அவர்களுக்குத் திருப்தி வருவதும் வராமல் போவதும் எதைப் பொறுத்தது?

கொடுத்தவர்களும் தோற்றார்கள்

முதலில் தமிழ்நாட்டின் கணக்கைப் பார்த்துவிடலாம். 2006 ஜூனில் ரேஷன் அரிசி கிலோ 2 ரூபாய் ஆனது. 2008 செப்டம்பரில் 1 ரூபாய். 2011 ஜூனில் இருந்து முழுக்க இலவசம். 2006-ல் ஆட்சிக்கு வந்த தி.மு.க, வீட்டுக்கு வீடு கலர் டி.வி-யும் கொடுத்தது. 2011-ல் தோற்றது. 2011-ல் வந்த அ.தி.மு.க, மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியோடு ஆடு மாடும் கொடுத்தது. 2016-ல் ஆட்சியைத் தக்கவைத்தது. 2021 பொங்கலுக்கு அரிசி அட்டைக்கு 2,500 ரூபாய் கொடுத்தது. மூன்றே மாதத்தில் நடந்த தேர்தலில் ஆட்சியை இழந்தது.

ஆக, கொடுத்தவர்களில் ஜெயித்தவர்களும் உண்டு, தோற்றவர்களும் உண்டு. கொடுப்பது மட்டுமே ஓட்டைத் தீர்மானிப்பதாக இருந்தால் இந்த ஏற்ற இறக்கத்துக்கு விளக்கமே கிடையாது.

தேர்தல் வாக்குறுதியாக இலவசப் பொருள்கள் தரலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் 2013 ஜூலையில் வந்த தீர்ப்பு, அப்படி வாக்குறுதி கொடுப்பதைச் சட்டப்படி ஊழல் நடவடிக்கையாகக் கருத முடியாது என்றது. அதே நேரம், தேர்தல் அறிக்கைகளுக்கு வழிகாட்டு நெறிகள் வகுக்கும்படி தேர்தல் ஆணையத்துக்குச் சொன்னது.

டி.வி-யும் மிக்ஸியும் ஒருமுறை வந்ததோடு சரி. ரேஷன் அரிசியும் பள்ளிக்கூடத்துச் சாப்பாடும் அப்படியல்ல. எந்த ஆட்சி வந்தாலும் அவை தொடர்கின்றன. 1956-ல் காமராஜர் காலத்தில் மதிய உணவு விரிந்தது. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர் அதைச் சத்துணவாக்கினார். 2022 செப்டம்பர் 15-ல் காலை உணவுத் திட்டம் 1,545 பள்ளிகளில் தொடங்கியது. மலைப்பகுதிப் பள்ளிகளுக்கும் முதல் கட்டத்திலேயே இடம் கிடைத்தது. ஓர் ஆட்சி தொடங்கியதை அடுத்த ஆட்சி நிறுத்தத் துணிவதில்லை. அதனால்தான் மக்கள் இதை 'யாரோ போட்டது' என்று நினைக்காமல் 'நமக்கு வர வேண்டியது' என்று நினைக்கிறார்கள். வர வேண்டியது வந்ததற்காக யாருக்கும் ஓட்டுக் கடன் படத் தேவையில்லை.

ஒரே ஆள், இரண்டு கவுன்ட்டர்

கொல்லிமலையில் 14 ஊராட்சிகள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று அவற்றின் பெயரிலேயே 'நாடு' இருக்கிறது. இருநூற்றுக்கும் மேற்பட்ட குக்கிராமங்களில் சுமார் 40 ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். பெரும்பாலானவர்கள் 'மலையாளி' பழங்குடியினர். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்கிறவர்கள் என்பதால் வந்த பெயர் என்பார்கள்.

இங்கே இருக்கும் ஒரு குடும்பத் தலைவியை மனதில் நினைத்துக்கொள்வோம். அவர் ரேஷன் கடைக்குப் போகிறார். 1997-ல் மத்திய அரசு ரேஷனை 'வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே' என்று பிரித்தபோதும், தமிழ்நாடு எல்லாருக்கும் என்ற முறையைக் கைவிடவில்லை. அதனால், தான் ஏழை என்று அந்த அம்மா யாரிடமும் நிரூபிக்க வேண்டியதில்லை. அட்டை இருந்தால் அரிசி. கைரேகை இயந்திரத்துக்குச் சிக்னல் கிடைக்காத நாளில் காத்திருக்க வேண்டி வரலாம். எடை குறைந்தால், சரக்கு இன்னும் வரவில்லை என்றால், அங்கேயே குரலை உயர்த்திக் கேட்கலாம். பக்கத்தில் நிற்பவரும் சேர்ந்து கேட்பார். ஏனென்றால், அவருக்கும் அதே அரிசிதான்.

அதே அம்மா, மகளின் கல்லூரிச் சேர்க்கைக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கப் போகிறார். மற்ற பிரிவினருக்குத் தாசில்தார் மட்டத்திலேயே சான்றிதழ் கிடைத்துவிடும். பழங்குடியினர் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். மனு, விசாரணை, ஆவணம், மறுபடி ஒரு நடை. மலையில் இருந்து நாமக்கல் போய்வந்தால் ஒருநாள் கூலி போச்சு. இங்கே அவர் தனி ஆள். பக்கத்தில் நிற்பவரின் மனு வேறு. குரலை உயர்த்தினால் காரியம் கெட்டுவிடுமோ என்ற பயமும் உண்டு.

ரேஷன் கடையில் அவர் உரிமையுள்ள குடிமகள். அலுவலகத்தில் மனுதாரர். இரண்டு இடத்திலும் அரசு ஒன்றுதான்.

ஸ்வீடனைச் சேர்ந்த அரசியல் ஆய்வாளர் ஸ்டாஃபன் கும்லின் இந்த வித்தியாசத்தைத்தான் ஆராய்ந்தார். 2004-ல் வெளிவந்த அவருடைய நூலின் சாரம் இது: அரசுச் சேவைகளோடு மக்களுக்கு ஏற்படும் நேரடி அனுபவம், அரசியல் மேல் அவர்கள் வைக்கும் நம்பிக்கையைப் பாதிக்கிறது. எல்லாருக்கும் பொதுவான, கேள்வி கேட்க வாய்ப்புள்ள சேவைகள் அந்த நம்பிக்கையை வளர்க்கின்றன. தகுதியைச் சோதித்து, அதிகாரியின் முடிவுக்காகக் காத்திருக்க வைக்கும் சேவைகள் அதைக் கரைக்கின்றன. ஸ்வீடனில் ரேஷன் கடை கிடையாது. ஆனால், கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறவரின் மனசு எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்திலும் இதைப் பார்க்கலாம். 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியபோது, மாதம் 1,000 ரூபாய் பெறத் தேர்வானவர்கள் சுமார் 1 கோடியே 6 லட்சம் பெண்கள். விண்ணப்பித்தவர்கள் சுமார் 1 கோடியே 63 லட்சம். ஆண்டு வருமானம் 2.5 லட்சம், நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கர், ஆண்டுக்கு 3,600 யூனிட் மின்சாரம் என்று வரம்புகள் இருந்தன. பணம் வந்தவருக்கு அது பெரிய பலம். கணவரிடமோ மகனிடமோ கேட்காமல் தன் கணக்கில் வரும் பணம் அது. வராதவருக்கு, 'பக்கத்து வீட்டுக்கு வந்தது, எனக்கு ஏன் வரவில்லை?' என்ற கேள்வி. காரணம் புரியும்படி சொல்லப்பட்டு, மேல்முறையீட்டுக்குப் பதிலும் வந்தால் அந்தக் கேள்வி அடங்கும். இல்லையென்றால், அது தேர்தல் நாள் வரை மனதில் தங்கும்.

குச்சிக்கிழங்கு விலை

உதவித்திட்டம் ஒரு பக்கம் என்றால், வருமானம் இன்னொரு பக்கம். கொல்லிமலையின் பழைய பயிர்கள் சாமை, தினை, கேழ்வரகு. 1970-களுக்குப் பிறகு மரவள்ளி மலையேறியது. சேலம், நாமக்கல் பக்கத்தில் அதைக் குச்சிக்கிழங்கு என்பார்கள். அடிவாரத்தில் சேகோ ஆலைகள் இருந்ததால் கையில் காசு கிடைத்தது. சிறுதானிய நிலம் சுருங்கியது. வீட்டுச் சாப்பாட்டுக்கு ரேஷன் அரிசி வந்துவிட்டதால், சாமையைக் குத்திப் புடைக்கும் பாடும் குறைந்தது. பெண்களின் முதுகுக்கு அது பெரிய விடுதலை. ஆனால், சாப்பாட்டுக்கு அரசையும் வருமானத்துக்குச் சந்தையையும் நம்பியிருக்கும் நிலை வந்தது.

மரவள்ளிக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை கிடையாது. மாவுச்சத்தை 'பாயிண்ட்' கணக்கில் பார்த்து விலை போடுகிறார்கள். விலை சரிந்த வருடத்தில், மலையில் இருந்து கிழங்கை இறக்கும் லாரி வாடகை விவசாயியின் கையைக் கடிக்கும். மிளகு, காபி, பலா, அன்னாசிக்கும் விலை மேலும் கீழுமாகத்தான் இருக்கிறது. சோளக்காடு சந்தையில் அன்றைக்கு வியாபாரி சொல்வதுதான் விலை.

விலை இறங்கும்போது ரேஷன் அரிசி பட்டினியைத் தடுக்கிறது. ஆனால், கல்லூரிக் கட்டணம் கட்டாது, கடனை அடைக்காது. பட்டினி இல்லை என்பதற்கும் திருப்தி என்பதற்கும் நடுவே உள்ள இடைவெளி இதுதான். எந்த ஆட்சி வந்தாலும் அரிசி வருகிறது. எந்த ஆட்சி வந்தாலும் கிழங்கு விலை நிலையில்லாமல் இருக்கிறது. அப்படியிருக்க, ஆளை மாற்றிப் பார்க்கலாமே என்று வாக்காளர் நினைப்பதில் என்ன ஆச்சரியம்?

இந்த இடைவெளியைக் குறைக்க வழி இல்லாமல் இல்லை. 2023 மே மாதம் நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதிலாக மாதம் 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. கொல்லிமலையிலோ எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் இருந்தே சிறுதானியங்களைக் காப்பாற்ற வேலை செய்திருக்கிறது. குத்திப் புடைக்கும் பாட்டைக் குறைக்கும் சிறு இயந்திரங்களும் வந்தன. மலையில் விளையும் சாமையை அரசே நியாய விலைக்கு வாங்கி, மலையின் ரேஷன் கடைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் போட்டால், ஒரே செலவில் சாப்பாட்டுக்கும் வருமானத்துக்கும் வழி பிறக்கும்.

சம்பளம் வராத மாதங்கள்

வருமானத்தையும் உரிமையையும் ஒன்றாக இணைத்தது நூறு நாள் வேலைத் திட்டம். 2005-ல் நாடாளுமன்றம் கொண்டுவந்த அந்தச் சட்டப்படி, வேலை கேட்டால் கொடுத்தாக வேண்டும். 15 நாளுக்குள் கூலி வர வேண்டும். தாமதமானால் இழப்பீடு தர வேண்டும். காகிதத்தில் இதைவிட உறுதியான உரிமை கிராமத்து ஏழைக்குக் கிடையாது.

நடந்தது வேறு. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களின் கூலி பாக்கி மட்டும் ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியதாகவும், அதை விடுவிக்க வேண்டும் என்றும் முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. வேலை நாள்கள் 125 என்று உயர்ந்தன. பெரும்பாலான மாநிலங்கள் செலவில் 40 சதவிகிதத்தை ஏற்க வேண்டும் என்பதும் சேர்ந்தது.

டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவே பணம் யார் கொடுப்பது என்ற வாதம் எப்படி முடிந்தாலும், குழி வெட்டியவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வேலை செய்தேன், பணம் வரவில்லை. சட்டம் உரிமை என்று சொல்லி, கை கூலியைக் காணாமல் போனால், திட்டமே இல்லாமல் இருப்பதைவிட அதிகக் கசப்பு வரும்.

போதமலைக்கு முதலில் போனது எது?

கொல்லிமலைக்கு அண்டையில், ராசிபுரம் பக்கம் இருக்கிறது போதமலை. கீழூர், மேலூர், கெடமலை என்று மூன்று ஊர்கள். நாடு விடுதலை அடைந்து 75 ஆண்டுகள் ஆன பிறகும் அங்கே வண்டி போகும் சாலை இல்லாமல் இருந்தது. கர்ப்பிணிகளையும் நோயாளிகளையும் தூளி கட்டித் தூக்கி இறக்கினார்கள். ஒவ்வொரு தேர்தலிலும் அதிகாரிகள் வாக்குப்பதிவு இயந்திரத்தைத் தலையில் சுமந்து நடந்தே மேலே கொண்டுபோனார்கள். வாக்குப்பதிவு முடிந்ததும் அப்படியே கீழே இறங்கியது.

ஒரு வாக்காளரைக்கூட விட்டுவிடக் கூடாது என்பதற்காக இத்தனை பாடுபடுவது இந்திய ஜனநாயகத்தின் பெருமை. ஆனால், இயந்திரம் நடந்து வந்த பாதையில் ஆம்புலன்ஸ் வர முடியவில்லை என்பது அதே ஜனநாயகத்தின் கடன். அந்தக் கடனைத் தீர்க்க சுமார் 140 கோடி ரூபாயில் சாலை ஒதுக்கப்பட்டு வேலை தொடங்கியது. ஓட்டு கேட்டு வந்தவர்களிடமெல்லாம் சாலை கேட்டுக்கொண்டே இருந்தவர்களுக்குக் கிடைத்த பதில் அது. தாமதமான பதில்தான். ஆனால், ஓட்டு இல்லாதவர்களுக்கு அதுகூடக் கிடைத்திருக்காது.

77 சதவிகிதமும் 36 சதவிகிதமும்

உலகம் முழுக்க இந்தக் கேள்வி கேட்கப்படுகிறது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் நடத்திய கருத்துக்கணிப்பில், தங்கள் நாட்டில் ஜனநாயகம் செயல்படும் விதம் திருப்தி தருவதாகச் சொன்ன இந்தியர்கள் 77 சதவிகிதம். அதே ஆண்டு பணக்கார நாடுகள் 12-ல் அதன் இடைநிலை அளவு 36 சதவிகிதம்தான். பொருளாதாரம் நன்றாக இருப்பதாக நினைப்பவர்கள் ஜனநாயகத்திலும் திருப்தியாக இருக்கிறார்கள் என்பதும், ஆளும் கட்சியை ஆதரிப்பவர்களுக்குத் திருப்தி கூடுதல் என்பதும் அந்த மையத்தின் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது.

இந்த எண்ணைப் பார்த்து நாம் தோளைத் தட்டிக்கொள்ள வேண்டியதில்லை. திருப்தி என்பது வங்கியில் போட்ட பணம் மாதிரி பத்திரமாக இருப்பதில்லை. கடல் தாண்டி இலங்கையைப் பார்த்தால் தெரியும். 2019 நவம்பரில் கோத்தபய ராஜபக்சே 52 சதவிகித வாக்குகளோடு ஜனாதிபதி ஆனார். 2022 ஏப்ரலில் நாடு வெளிக்கடனைக் கட்ட முடியாமல் நின்றது. எரிவாயு சிலிண்டருக்கும் பெட்ரோலுக்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். ஜூலை 9-ல் ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்தார்கள். சில நாள்களில் கோத்தபய நாட்டைவிட்டு வெளியேறிப் பதவி விலகினார். அடுத்து நடந்தது முக்கியம். மக்கள் ஜனநாயகத்தைத் தூக்கிப்போடவில்லை. 2024 செப்டம்பரில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டு, 2019-ல் 3 சதவிகிதமே வாங்கியிருந்த அனுர குமார திசாநாயக்கவை ஜனாதிபதி ஆக்கினார்கள். ஆட்சி மேல் கோபம் வேறு, ஜனநாயகத்தின் மேல் நம்பிக்கை வேறு.

சேந்தமங்கலத்தின் நான்கு தேர்தல்களும் அதையே சின்ன அளவில் சொல்கின்றன. ஆளை மாற்ற முடியும் என்ற நம்பிக்கை இருக்கும்வரை, ஓட்டுச்சாவடிக்கு ஆள் வரும்.

காலியாகக் கிடந்த நாற்காலி

ஆனால், மலைவாசிக்கு மிக அருகில் இருக்கும் ஜனநாயகம் சென்னையிலும் இல்லை, டெல்லியிலும் இல்லை. அது ஊராட்சி மன்றம். குடிநீர்க் குழாயும் தெருவிளக்கும் பாதையும் அங்கேதான் முடிவாகின்றன. தலைவரின் வீடு எங்கே என்று எல்லாருக்கும் தெரியும். பாதிப் பதவிகள் பெண்களுக்கு.

2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தபோது தேர்தல் நடக்கவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்கள் நிர்வாகம் செய்தார்கள். 2019 டிசம்பரில்தான் நாமக்கல் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் தேர்தல் நடந்தது. அவர்களின் பதவிக்காலமும் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, நாற்காலி மறுபடியும் தனி அலுவலர்களிடம் போனது. கிராம சபை கூடும். ஆனால், கேள்விக்குப் பதில் சொல்ல, ஓட்டு வாங்கியவர் யாரும் எதிரே இருக்க மாட்டார்.

மலைக்கு இதன் பாதிப்பு கூடுதல். தமிழ்நாட்டில் அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் இல்லை. அதனால், பழங்குடி கிராம சபைகளுக்குத் தனி அதிகாரம் தரும் 1996 சட்டம் கொல்லிமலைக்குப் பொருந்தாது. 2006 வன உரிமைச் சட்டம் பொருந்தும். உழுது வரும் வனநிலத்துக்கு உரிமை கோரும் மனு தொடங்குவதே கிராம சபையில்தான். 2008-ல் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட இடைக்கால உத்தரவால் தமிழ்நாட்டில் பட்டா வழங்குவது முடங்கியது. 2016-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை விலக்கியது. அதே ஆண்டு ஊராட்சித் தேர்தல் நின்றுபோனது.

அரிசி ஒரு மாதம் தவறினால் ஊரே பேசும். ஊராட்சித் தேர்தல் ஆண்டுக்கணக்கில் தவறினால் செய்தியில் ஒரு மூலையில் வரும். கொல்லிமலை கேட்பது இந்த இரண்டும் சமமாக நடக்க வேண்டும் என்பதைத்தான். ரேஷன் கடையில் கிடைக்கும் மரியாதை சாதிச் சான்றிதழ் கவுன்ட்டரிலும் வேண்டும். வேலைக்குக் கூலி சொன்ன தேதியில் வேண்டும். கிழங்குக்கும் சாமைக்கும் நம்பி விதைக்கிற மாதிரி ஒரு விலை வேண்டும். கேள்வி கேட்க, பக்கத்திலேயே தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு ஆள் வேண்டும்.

இவற்றில் எதுவும் இலவசம் இல்லை.